சாம்பல்தீவில் றோஸ்

டிசம்பர் 15, ஞாயிறு

மழை விட்டது. கூரையில் ஒழுகிய இடத்துக்குத் தார் பூசிவிட்டு இறங்கி வந்தால், கட்டிலில் படுத்தபடி பிரசாந்தி கூப்பிடுகிறாள்.

“இஞ்சருங்கோ, சாம்பல்தீவுக் களப்புக்குப் பூநாரை வந்திருக்காம்! றோஸ் நிறமாம். எங்கட ஸ்கூல் ரீச்சர்மார் எல்லாரும் போய்ப் பாத்திட்டினம்.”

பூநாரை வந்தால் என்ன, வாத்து வந்தால் என்ன. அந்த ரோட்டு முழுக்கக் கிடங்கும் பள்ளமும். ஓட்டோவில் குலுங்கக் கூடாது, படி ஏறக் கூடாது, கட்டிலை விட்டு எழும்பவே கூடாது என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். இது ஆறாம் மாதம். முதல் இரண்டும் ஐந்தாம் மாதத்தைத் தாண்டவில்லை. கல்யாணமாகிப் பதினொரு வருசத்தில் இந்த மட்டும் வந்து சேர்ந்த பிள்ளை இதுதான். நான் மூச்சு விடவே பயந்துபோய் இருக்கிறேன், இவளுக்கு நாரை பார்க்க வேணுமாம்.

“அப்ப நீங்கள் போய்ப் பாத்துவந்து சொல்லுங்கோ, என்ன றோஸ் எண்டு.”

“றோஸ் எண்டா றோஸ்தானே. அதில என்ன?”

“ஓம், சாம்பல் பூசுற மனிசனிட்டக் கேட்டன் பாருங்கோ.”

உண்மைதான். துறைமுகத்தில் பதினெட்டு வருசமாக நான் கப்பலுக்கும் இழுவைப் படகுக்கும் சாம்பல் நிறம்தான் பூசுகிறேன். சாம்பல் நல்ல நிறம். ஊத்தை தெரியாது, வெயிலுக்கு வெளிறாது, ஒருவரும் திரும்பிப் பார்த்துச் சிரிக்கமாட்டார்கள். றோஸ் எனக்குப் பிடிக்காது. நாலு அக்காமாருக்குப் பிறகு பிறந்தவன் நான். அவர்களுடைய சட்டைத் துணியில் மிஞ்சியதில்தான் அம்மா எனக்குச் சேட்டு தைத்தா. ஏழாம் வகுப்பு முடியும் மட்டும் பள்ளிக்கூடத்தில் என்னுடைய பெயர் இராகுலன் இல்லை, ‘றோசக்கா’. ரோசமுள்ளவன் றோஸ் உடுக்கமாட்டான் என்று அப்போதே முடிவெடுத்தேன்.

டிசம்பர் 18, புதன்

வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் சாம்பல்தீவுக்குப் போனேன். பாலத்துக்கு அங்கால், களப்பின் நடுவில் நிற்கின்றன. பொழுது சாய்கிற நேரம், எல்லாம் வெள்ளைப் புள்ளி. போனில் எடுத்த படத்தில் அதுவும் இல்லை, சோற்றுப் பருக்கை சிந்தினதுபோலக் கிடக்கிறது.

வீட்டுக்கு வந்து, “வெள்ளைதான்” என்றேன்.

“நீங்கள் பாக்கேல்லை” என்றாள்.

“போய்ப் பாத்தனான் எண்டு சொல்றன்!”

“போனனீங்கள். பாக்கேல்லை.”

டிசம்பர் 19

ஒரு நாள் முழுக்க என்னோடு கதைக்கவில்லை. மாமியோடு, தன்னுடைய அம்மாவோடு, மட்டும் கதை. நாரைக்காகக் கோவிக்கிற மனிசி இந்தத் திருகோணமலையில் இவள் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

டிசம்பர் 22, ஞாயிறு

விடிய வெள்ளென பக்கீரையும் ஏற்றிக்கொண்டு போனேன். பக்கீர் கிண்ணியாக்காரன், துறைமுகத்தில் என்னோடு பூச்சு வேலை செய்கிறவன். இழுவைப் படகுக் கப்டனிடம் கெஞ்சிப் பைனாகுலர் ஒன்று வாங்கி வந்திருந்தான்.

முதலில் கால். இவ்வளவு நீளக் காலை யார் இப்படிப் பூசினது? தலையைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் விட்டு அரித்து அரித்துத் தின்கின்றன. சொண்டு றோஸ், நுனி மட்டும் மையில் தோய்த்த மாதிரிக் கறுப்பு. உடம்பு வெள்ளைதான், நான் பொய் சொல்லவில்லை. வேறு ஒன்றுமில்லை, போவோம் என்று பைனாகுலரை இறக்கப் போக, ஒன்று ஓடத் தொடங்கியது. தண்ணீருக்கு மேலே தட்டுத் தட்டென்று ஓடி, செட்டையை விரித்தது.

ஐயோ!

இதை எப்படி எழுதுவேன்? செட்டைக்குள்ளே அத்தனையும் அது. மடித்து வைத்திருக்கும்போது ஒன்றும் தெரியாது. விரித்தால்தான் — ஒன்று எழும்ப, பின்னால் எல்லாம் எழும்ப, களப்புக்கு மேலே முழுக்க — நான் கத்திவிட்டேன். நாற்பத்தொரு வயது மனிசன் ரோட்டில் நின்று கத்தினேன்.

“என்ன மச்சான், பாம்பா?” என்றான் பக்கீர்.

பைனாகுலரை அவனிடம் கொடுத்தேன். கண்ணில் வைத்துப் பார்த்தான். பிறகு, “மாஷா அல்லாஹ்” என்றான்.

வீட்டில் பிரசாந்தி கதவையே பார்த்துக்கொண்டு இருந்தாள். செருப்பைக் கழற்றமுதல் கேட்டாள், “என்ன றோஸ்?”

  “கடும் றோஸ்” என்றேன். “வேற?” என்றாள். “நல்ல றோஸ்” என்றேன். சிரிக்கத் தொடங்கினாள். குசினியில் மாமி இறால் அவித்துக்கொண்டு இருந்தா. நான் ஓடிப்போய்ச் சட்டிக்குள் பார்த்தேன். கொதிக்கிற தண்ணீரில் விழுந்த உடனே இறாலில் ஒரு நிறம் ஏறும், முழுக்கச் சிவக்க முதல். “அது!” என்று கத்தினேன். “அந்த நிறம், இப்ப போட்ட இறால்!” கரண்டியோடு ஒரு இறாலைக் கட்டிலுக்குக் கொண்டுவந்து காட்டினேன். காட்டுவதற்குள் அது சிவந்துபோனது. ஆனால் அவள் பார்த்துவிட்டாள்.

“ஓம், இப்ப தெரியுது” என்றாள். கண் கலங்கி இருந்தது.

டிசம்பர் 28, சனி

எனக்கு என்னவோ நடந்துவிட்டது. இந்தக் கிழமை முழுக்கத் தினமும் ஒரு றோஸ் கொண்டுவரச் சொல்லி உத்தரவு. பார்த்தால் எல்லா இடத்திலும் கிடக்கிறது. வெட்டின கொய்யாப்பழம். மாமி உரித்துப் போட்ட வெங்காயத்தின் உள்தோல். சந்தையில் யம்பு பழம், காம்புப் பக்கம் வெளிறி, அடியில் மட்டும் ஏறி. எங்கள் வாசலில் நிற்கிற காகிதப்பூ, பதினொரு வருசமாக நிற்கிறதாம், பிரசாந்தி சொல்கிறாள். நான் அதை மோட்டார் சைக்கிளில் உரசுகிற முள்ளுச் செடி என்று மட்டும்தான் அறிவேன்.

இன்று விடிய துறைமுகத்தில் தண்ணீரே அந்த நிறமாகக் கிடந்தது. சூரியன் வருவதற்கு முன் கொஞ்ச நேரம்தான். சாம்பல் வாளியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். “டேய் றோசக்கா, வேலையைப் பாரடா” என்றான் பக்கீர். அந்தப் பெயரை இவனுக்குச் சொன்ன என் வாயைத் தைக்க வேணும்.

ஜனவரி 2, வியாழன்

பூநாரைக் கூட்டத்தில் சாம்பல் நிறத்திலும் சில நிற்கின்றன! எங்களுடைய துறைமுகச் சாம்பலேதான். வேறு சாதி என்று நினைத்து வந்து சொன்னேன்.

“அது குஞ்சுகள். பிறக்கேக்க சாம்பல்தான். சின்னச் சின்ன இறாலும் பாசியும் தின்னத் தின்னத்தான் அந்த நிறம் ஏறும். ரெண்டு மூண்டு வருசம் எடுக்கும்” என்றாள் ரீச்சர். படிப்பிக்கிற குரல். வயிற்றில் கை வைத்திருந்தாள்.

“எங்கட குஞ்சு என்ன செய்யுது?”

“உதைக்குது. நீங்கள் நாரைக் கதை சொன்னா உதைக்குது.”

எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. வெளியே போய் ஒருமுறை வீட்டைச் சுற்றி நடந்துவிட்டு வந்தேன்.

ஜனவரி 7, செவ்வாய்

விடிய பிரசாந்திக்கு வயிற்றுக்குத்து. ஆஸ்பத்திரி. வார்ட்டில் வைத்துப் பார்க்க வேணுமாம். பயமாக் கிடக்கு. எழுத ஏலாது.

ஜனவரி 8

பிள்ளையின் துடிப்பு நல்லா இருக்காம். நல்லா இருக்காம், நல்லா இருக்காம். இதை எத்தனை தரமும் எழுதலாம்.

ஆஸ்பத்திரி விறாந்தையில் இருக்கும்போது பக்கீர் போன் எடுத்தான். பொங்கலுக்கு முதல் வீட்டுக்கு வெளியில் பெயின்ற் அடிக்க யோசித்திருந்தேனாம், இப்போது எனக்கு எங்கே நேரம், ஆள் இல்லாத நேரம் தானே அடித்து முடிக்கிறானாம், மணமும் பிரசாந்திக்குப் படாதாம். நல்ல சிநேகிதன். “என்ன கலர் மச்சான்?” என்றான். டொக்டர் வருவது தெரிந்தது. அவசரத்தில், “சங்குக் கலர் அடியடா” என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

ஜனவரி 10, வெள்ளி

வீட்டுக்கு வந்துவிட்டோம். வயிற்றுக்குத்து நின்றுவிட்டது. கடவுளுக்கு நன்றி. அது ஒன்று.

மற்றது இது. எங்கள் லிங்கநகர்ச் சந்தியில் திரும்பும்போதே ஓட்டோக்காரர் மெதுவாக்கினார். “அண்ணை, இது ஆற்ற வீடு? கலியாண வீடோ?” என்றார்.

என்னுடைய வீடு. றோஸ்! முன்சுவர், பக்கச்சுவர், மதில், எல்லாம் றோஸ்! யன்னல் விளிம்புக்குக்கூட விடவில்லை. கேற்றில் பக்கீர் பிறஷ்ஷோடு நிற்கிறான், முகமெல்லாம் சிரிப்பு.

“எப்பிடி மச்சான்?”

“என்னடா இது?”

“நீ சொன்ன கலர்தான். சங்கு.”

“சங்கு வெள்ளையடா! உலகம் முழுக்கச் சங்கு வெள்ளை!”

“நீ கோயில்ல ஊதுற சங்கச் சொல்ற. அது அராவி மினுக்கின சங்கு. எங்கட வாப்பா கடலுக்க குளிச்சு எடுத்துக்கு வார சங்குட உள்பக்கத்தப் பாத்திருக்கியா? கிண்ணியால நாங்க சங்குக் கலர் எண்டா அதத்தான் சொல்ற. வெளிய இருக்கிறது ஊத்தடா. நானும் நெனச்ச, இவனுக்கு இப்பதான் நல்ல புத்தி வந்திருக்கு எண்டு.”

ஓட்டோவுக்குள் இருந்து ஒரு சத்தம். பிரசாந்தி சிரிக்கிறாள். நான் இவள் இப்படிச் சிரித்துப் பார்த்து வருசக்கணக்கு. மூச்சு வாங்குகிறாள், கண்ணீர் ஓடுகிறது, இருக்கையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள்.

“சிரியாதை பிள்ளை, வயிறு குலுங்குது! ஐயோ, சிரியாதை!” என்று மாமி அவளைப் பிடிக்கிறா. மாமிக்கே சிரிப்பு அடங்கவில்லை.

“நாளைக்கே வெள்ளை அடிக்கிறன்” என்றேன்.

மாமியின் சிரிப்பு நின்றது. “தம்பி, பெயின்ற் மணம் இவளுக்கு ஆகாது. பிள்ளை பிறந்து துடக்குக் கழியிற மட்டும் ஒருத்தரும் பிறஷ்ஷைத் தொடப்படாது. சொல்லிப்போட்டன்.”

பக்கீர் வாளியைத் தூக்கிக்கொண்டு நழுவிவிட்டான்.

ஜனவரி 14, தைப்பொங்கல்

முற்றத்தில் பொங்கினோம். வந்த சனம் முழுக்க முதலில் சுவரைப் பார்த்தது, பிறகுதான் பானையைப் பார்த்தது. தபால்காரர் இனி நம்பர் தேவையில்லை என்கிறார். ஓட்டோக்காரர்களுக்கு நாங்கள் இப்போது ‘றோஸ் வீடு’. முப்பது வருசத்துக்கு முன் தப்பி ஓடினேன், பெயர் என்னைத் தேடி லிங்கநகருக்கே வந்துவிட்டது.

ஆனால் ஒன்று. விடிய எழும்பினபோது அறைக்குள் ஏதோ வித்தியாசமாக இருந்தது. யன்னலுக்கு வெளியே மதிலில் வெயில் பட்டு, அந்த வெளிச்சம் உள்ளே வந்து எங்கள் அறைக் கூரைத்தட்டில் விழுந்து கிடக்கிறது. மெல்லிய றோஸ். பிரசாந்தி மல்லாந்து படுத்து அதைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

“மாசக்கணக்கா இந்தத் தட்டைப் பாத்துக்கொண்டு கிடக்கிறன். இண்டைக்குத்தான் பாக்க ஏதோ இருக்கு” என்றாள்.

நானும் பக்கத்தில் படுத்துப் பார்த்தேன். வடிவுதான். பக்கீரிடம் சொல்ல மாட்டேன், ஆனால் வடிவுதான்.

பெப்ரவரி 9, ஞாயிறு

இன்று புது யோசனை. களப்பில் நின்று பிரசாந்திக்குப் போன் எடுத்து, கிரிக்கெட் வர்ணனை மாதிரிச் சொன்னேன்.

“இப்ப எல்லாரும் தலையைத் தண்ணிக்குள்ள விட்டிட்டினம். வலப்பக்கத்தில ரெண்டு பேருக்குச் சண்டை, கழுத்தை நீட்டிக் கொத்தீனம். நடுவில ஒருத்தர் ஒத்தைக் காலில நித்திரை. இப்ப கரையில ஆரோ நாய் விட்டிட்டினம் — ஓடீனம், ஓடீனம் — எழும்பிட்டினம்! விரிச்சிட்டினம்!”

“என்ன றோஸ்?”

“ஓரம் கறுப்பு, உள்ளுக்குக் கொய்யாப்பழம்! வயித்துப் பக்கம் வெங்காயத் தோல்! வெயில் பின்னால நிக்குது பிரசாந்தி, செட்டைக்குள்ளால வெளிச்சம் வருது, விடியக் காலமை எங்கட கூரைத்தட்டு மாதிரி!”

 அவள் சொன்னாள், “நான் பாத்திட்டனப்பா.”

பாலத்தடியில் தூண்டில் போட்டுக்கொண்டு இருந்தவர் தூண்டிலை விட்டுவிட்டு என்னையே பார்க்கிறார். பார்க்கட்டும்.

மார்ச் 4, செவ்வாய்

எட்டாம் மாதம். டொக்டர் இன்று சிரித்தார். முதல் தரம். அவருடைய பல்லையே இன்றைக்குத்தான் கண்டேன்.

மார்ச் 16, ஞாயிறு

களப்பு வெறுமை. போய்விட்டன. நேற்று வடக்குப் பக்கமாகப் பறந்ததுகள் என்கிறார் பாலத்தடித் தூண்டில்காரர். ஒரு சொல் சொல்லாமல் போய்விட்டதுகள். என்னடா, நாரைக்குக் கவலைப்படுகிற அளவுக்கு வந்துவிட்டாயா?

வந்துவிட்டேன். ஓம்.

மார்ச் 19, புதன்

எழுத்து எல்லாம் கோணல்.

விடிய பிரசாந்திக்குத் தண்ணீர்க்குடம் உடைந்துவிட்டது. நாலு கிழமை இருக்கு. இன்னும் நாலு கிழமை இருக்கு! ஆஸ்பத்திரிக்குப் போன உடனே பிள்ளையின் துடிப்பு இறங்குது, வெட்டித்தான் எடுக்க வேணும் என்று உள்ளே கொண்டு போய்விட்டார்கள். மாமியும் நானும் வெளியில் மரவாங்கில் குந்தியிருந்தோம். மாமி என்னுடைய கையைப் பிடித்துக்கொண்டு இருந்தா. ஒரு நாளும் பிடித்ததில்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. கதவுக்கு உள்ளே சனம் ஓடுகிற சத்தம். பிள்ளை அழுகிற சத்தம் இல்லை. நான் காதை நீட்டி நீட்டிக் கேட்கிறேன், அழுகை இல்லை. கதவு ஒருமுறை திறந்து மூடும்போது ஒரு பெண் குரல் மட்டும் கேட்டது. “இன்னும் நீலமாத்தான் இருக்கு.”

நீலம். சாம்பலுக்கு அடுத்தபடி எனக்குப் பிடித்த நிறம் அதுதான். கடல் நீலம், படகு நீலம். எனக்கு வேண்டாம். கோணேசப் பெருமானே, எனக்கு நீலம் வேண்டாம், சாம்பல் வேண்டாம், ஒரு நிறமும் வேண்டாம், றோஸ் தா. றோஸ் தா அப்பா. வாய்விட்டே சொன்னேன் போலக் கிடக்கு, மாமி திரும்பிப் பார்த்தா. பிறகு மாமியும் என்னோடு சேர்ந்து அதையே சொல்லத் தொடங்கினா. றோஸ், றோஸ், றோஸ். இரண்டு பேரும் விசரர் மாதிரி வாங்கில் இருந்து.

கதவு திறந்தது. சிங்கள நேர்ஸ் ஒருத்தி, சின்ன வயதுக்காரி, வேர்த்துப்போய் நிற்கிறாள். என்னைப் பார்த்துச் சொன்னாள், “ரோஸ பாட்டய் தாத்தே! பேபி ரோஸ பாட்டய்!”

எனக்குச் சிங்களம் கொஞ்சம்தான் தெரியும். அந்தச் சொல்லுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. அவளுக்குப் பின்னால் அப்போதுதான் கேட்டது, பூனைக்குட்டி மாதிரி ஒரு அழுகை.

நான் வாய்விட்டு அழுதேன். ஆம்பிளை அழக்கூடாது என்று சொன்னவன் எவன், இங்கே வரச் சொல்லு. பெட்டைப் பிள்ளை. பிரசாந்தியும் நல்லா இருக்கிறாள்.

இப்போது யோசித்தால்தான் ஓடுகிறது. தாத்தே என்றால் சிங்களத்தில் அப்பா. என்னை முதல் முதலாக அப்பா என்று கூப்பிட்டது அந்த நேர்ஸ்.

மார்ச் 20, வியாழன்

பிள்ளையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வேறு வார்ட்டில் வைத்திருக்கிறார்கள். இரண்டு நாளுக்குத்தானாம், பயப்பட ஒன்றுமில்லையாம். பிரசாந்தி இன்னும் பார்க்கவில்லை. நேற்று மயக்கம், இன்று காயம். காலையில் நான் மட்டும் உள்ளே போய், துணிக்குள் சுற்றிய உருண்டையில் ஒரு மூக்கும் மூடின கண்ணும் பார்த்துவிட்டு வந்தேன். வழியில் கண்ட ஆள் எல்லாருக்கும், “றோஸ்! என்ர பிள்ளை றோஸ்!” என்று சொல்லிக்கொண்டே வந்தேன். பக்கீருக்குப் போன். நாலு அக்காமாருக்கும் போன். வாசல் காவல்காரருக்கும் சொன்னேன்.

கட்டிலடிக்கு வந்தேன். அவள் வாய் திறக்கமுதல் நான் முந்திக்கொண்டேன். “என்னைக் கேளாதையும். சொல்லத் தெரியேல்லை.”

“மூண்டு மாசமா ஒவ்வொரு நாளும் சொன்னனீங்கள்!”

“இது ஏலாது. நீர் வந்து பாரும்.”

பின்னேரம் டொக்டர் விட்டார். சில்லுக் கதிரையில் மெல்ல மெல்லத் தள்ளிக்கொண்டு போனேன், கிடங்கு இல்லாத ரோட்டில். மாமி முன்னுக்கு நடந்து வழி விலக்கினா. நேர்ஸ் துணியை விலக்கிப் பிள்ளையைக் காட்டினாள். பிரசாந்தி எட்டிப் பார்த்தாள். கன நேரம் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன்.

சிரிப்பு.

“என்னப்பா இது? கறுப்பி! அப்பிடியே உங்கட அச்சு! றோஸ் றோஸ் எண்டு ஊரெல்லாம் சொல்லிப்போட்டியளே!”

வடிவாகப் பார்த்தேன். ஓம், கறுப்பிதான். என்னைப்போலவே நல்ல கறுப்பு. மாமி தலையில் அடித்துக்கொண்டு சிரிக்கிறா. நேர்ஸும் சிரிக்கிறாள். எனக்கு ரோசம் வந்துவிட்டது. “பொறும். உள்ளங்கையைப் பாரும்” என்றேன்.

பிள்ளை இரண்டு கையையும் இறுக்கிப் பொத்தி வைத்திருந்தது. பெட்டியின் பக்கத்துத் துளைக்குள்ளால் பிரசாந்தி கையை விட்டு, பொத்தின அந்தச் சின்னக் கையின் முதுகைத் தடவினாள். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒவ்வொரு விரலாக, தன்பாட்டில், விரிந்தது.

அவள் என்ன றோஸ் என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அந்தக் கைக்குள் அவள் தன்னுடைய விரலை வைத்தாள், பிள்ளை மூடிக்கொண்டது.